உங்கள் நுரையீரலுக்கு என்ன வயது?

காப்பிக்கடை ஓரத்தில் நின்று சிகரெட் பெட்டியைத் திறப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? பெட்டியில் அழுகிய பாதம் இருக்கும், புற்றுநோய் வந்த வாய் இருக்கும். அவர் பார்வை அதில் நிற்பதே இல்லை. சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு முதல் இத்தகைய படங்கள் பெட்டிகளில் இடம்பெற்று வருகின்றன. 2020 ஜூலையில் நிறுவனச் சின்னங்களும் கவர்ச்சியான வண்ணங்களும்கூட நீக்கப்பட்டன.

படங்களால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால், ஒரே படம் எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 24 வயது இளையர், “இதெல்லாம் வயதானவர்களுக்கு” என்பார். 60 வயதுப் பெரியவரோ, “இனி விட்டு என்ன ஆகப்போகிறது?” என்பார். கெடுதல் என்பது இருவருக்கும் தெரியும். அது தன்னைப் பற்றிய செய்தி என்றுதான் இருவருக்கும் தோன்றுவதில்லை.

அப்படித் தோன்ற வைத்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷியர் வட்டாரத்தில் 35 வயதைத் தாண்டிய 561 புகைபிடிப்போரிடம் இது சோதிக்கப்பட்டது. ஆழமாக மூச்சை இழுத்து, ஒரு கருவிக்குள் வேகமாக ஊத வேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதைக் கருவி அளக்கும். வயது ஏற ஏற இந்த அளவு எல்லாருக்கும் குறையும்; புகைபிடிப்பவர்கள் பலருக்கு அது வேகமாகக் குறையும். அதே அளவு காற்றை ஊதும் ஆரோக்கியமான மனிதருக்கு என்ன வயது இருக்குமோ, அதுவே உங்கள் ‘நுரையீரல் வயது’.

ஒரு பிரிவினருக்கு அளவு வெறும் எண்ணாகத் தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு அது நுரையீரல் வயதாக விளக்கப்பட்டது. புகைப்பதை நிறுத்தச் சொல்லும் அறிவுரை இரு பிரிவினருக்கும் உண்டு. ஓராண்டு கழித்து, பேச்சை மட்டும் நம்பாமல் உமிழ்நீரையும் சோதித்தார்கள். வெறும் எண் பெற்றவர்களில் 6.4 விழுக்காட்டினர் புகைப்பதை விட்டிருந்தனர். வயதாகக் கேட்டறிந்தவர்களில் 13.6 விழுக்காட்டினர். 2008இல் வெளிவந்த இந்த முடிவில் எனக்கு அதிக வியப்பளித்தது வேறொன்று: நுரையீரல் மோசமாக இருந்தவர்கள்தான் அதிகம் விட்டார்கள் என்றில்லை. “உங்கள் நுரையீரல் சரியாகத்தான் இருக்கிறது” என்று கேட்டவர்களும் அதே அளவுக்கு விட்டனர். அப்படியானால் வேலை செய்தது பயம் மட்டுமல்ல. ‘இன்னும் காப்பாற்றிக்கொள்ளலாம்’ என்ற எண்ணமும் சிலரைத் தூண்டியிருக்கலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் இதை மூளைக்குள்ளேயே தேடினார்கள். ஒவ்வொருவரிடமும் ஏன் விட விரும்புகிறார், எது தடுக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கேற்ற வாசகங்களைத் தயாரித்தனர். மூளையை வருடிப் படமெடுக்கும் கருவிக்குள் அவர் படுத்திருக்கையில் அந்த வாசகங்களையும் பொதுவான வாசகங்களையும் காட்டினர். நாம் நம்மைப் பற்றி யோசிக்கும்போது இயங்கும் ஒரு பகுதி முன்மூளையில் உண்டு. தமக்கென எழுதிய வாசகங்களுக்கு அப்பகுதி யாரிடம் கூடுதலாக இயங்கியதோ, அவர்களே நான்கு மாதம் கழித்துப் புகைப்பதை விட்டிருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

இதைப் பெரிதாக ஊதிவிடவும் கூடாது. 13.6 விழுக்காடு என்றால், நூற்றில் 86 பேர் இன்னும் புகைக்கிறார்கள். கடிதத்தின் தலைப்பில் பெயரைச் சேர்த்துவிட்டால் அது தனிப்பட்ட செய்தி ஆகிவிடாது. காலையில் எழுந்த ஐந்தே நிமிடத்தில் முதல் சிகரெட் தேவைப்படுபவரின் உடலே நிக்கோட்டினுக்கு அடிமைப்பட்டிருக்கிறது. அவருக்கு எவ்வளவு நல்ல வாசகமும் போதாது. நிக்கோட்டின் பட்டையோ மெல்லும் பசையோ தேவைப்படலாம். நண்பர்களுடன் அமரும்போது மட்டும் பற்ற வைப்பவரிடம் பட்டையைப் பற்றிப் பேசுவதில் பெரிய பயன் இல்லை. அந்த மேசையில் “வேண்டாம்” என்று எப்படிச் சொல்வது என்பதே அவருக்கான பேச்சு.

அதனால்தான், விட உதவி கேட்டுப் பலதுறை மருந்தகத்துக்கோ மருந்தாளரிடமோ நீங்கள் போனால், அறிவுரைக்கு முன் இரண்டு கேள்விகள் வரக்கூடும்: ஒரு நாளைக்கு எத்தனை? எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? வீட்டில் அப்பாவிடமோ அண்ணனிடமோ இதுவரை “விட்டுவிடுங்கள்” என்று மட்டுமே சொல்லியிருந்தால், இந்த இரண்டையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.