வாக்கிங் போயிட்டு வைட்டமின் மாத்திரை போடுறீங்களா? இதைப் படிங்க!

காலையில நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் நாலு ரவுண்டு. வீட்டுக்கு வந்ததும் வைட்டமின் சி, ஈ மாத்திரை. ‘நல்லதுதானே’ன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்றால் என்ன?
குமரிக் கடற்கரையில் உப்புக்காற்று பட்டு ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் இல்லையா? கிட்டத்தட்ட அதுபோல, ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உருவாகும் ஃப்ரீ ரேடிக்கல்கள் நம் செல்களை அரிக்கும். முதுமைக்கு இதுவே காரணம் என்று 1956-ல் சொன்னார் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன்.

அப்போ உடற்பயிற்சி ஆபத்தா?
இல்லை. பயிற்சியின்போது ஃப்ரீ ரேடிக்கல்கள் கூடுவது உண்மைதான். ஆனால், அந்தச் சின்ன அதிர்ச்சிதான் உடம்பின் சொந்தப் பாதுகாப்பு என்சைம்களைத் தூண்டுகிறது. தொடர்ந்து செய்தால் அந்தப் பாதுகாப்பு பலப்படும்.

மாத்திரை என்ன செய்யும்?
2009-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில், சுமார் 40 இளைஞர்கள் 4 வாரம் பயிற்சி செய்தனர். சி, ஈ மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் செயல்திறன் கூடியது. எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கல. தூண்டுதலையே மாத்திரை தடுத்துவிட்டது என்றார்கள் ஆய்வாளர்கள்.

எவ்வளவு நடக்கணும்?
வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் அரை மணி நேரம், வாரத்தில் 5 நாள் வேகமா நடந்தாலே கணக்கு சரி. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. நீங்களாக வாங்கிப் போடுறதை மட்டும் ஒருமுறை டாக்டரிடம் கேட்டுடுங்க.