உஷார்! "எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே" என்று விட்டுவிடாதீர்கள்

வளவு துப்புரவாக்கப் போகிறீர்களா? சருகைக் குவித்து நெருப்பு வைக்கப் போகிறீர்களா? பாலைப்பழம் பொறுக்கப் பிள்ளைகள் காட்டுக்குப் போகிறார்களா?

கொஞ்சம் நில்லுங்கள். இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மலையகத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். வந்த இடத்தில் வளவு பற்றையாகக் கிடக்கிறதே என்று, புருசன் வேலைக்குப் போன நேரம் தனியாக நின்று வெட்டிக் கூட்டினாள். கூட்டியதை வேலியோர மூலையில் ஒரு பள்ளத்தில் கொட்டி நெருப்பு வைத்தாள். நல்லகாலம், தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குத் திரும்பியிருந்தாள். அந்த நேரம் வெடித்தது. முதுகிலும் காலிலும் துண்டு ஏறியது. பக்கத்தில் நின்றிருந்தால் ஆளே இல்லை.

அந்தப் பள்ளம் என்ன தெரியுமா? சண்டைக் காலத்துப் பங்கர். உள்ளே கிடந்த பழைய வெடிதான் நெருப்பில் வெடித்தது. மண் இறங்கித் தூர்ந்து, பார்க்கிறவருக்குக் குப்பைக்கிடங்கு போலவே இருந்தது. மாமிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்த ஒழுங்கையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அந்த மூலையில் நெருப்பு வைப்பதில்லை.

அவளுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் மாமி அழுகிறா. "அது தெரிஞ்ச விசயம்தானே பிள்ளை, நான் அதை ஒரு விசயமா நினைக்கேல்லை." அந்த மனுசியில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதே பதில்தான் வன்னியில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம்.

நமக்குப் பழகிப்போனது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. 1990இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி இதைச் சோதித்துப் பார்த்தார். எல்லாரும் அறிந்த பாட்டுகளை ஒருவர் மேசையில் விரலால் தட்டவேண்டும், மற்றவர் கேட்டுக் கண்டுபிடிக்கவேண்டும். பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3தான். தட்டுகிறவரின் தலைக்குள் பாட்டு முழுதாக ஓடுகிறது. கேட்கிறவருக்குக் கேட்பது வெறும் தட்டல். அங்கே பிழைத்தது பாட்டு. இங்கே பிழைத்தால் கால் போகும்.

கணக்குப் பாருங்கள். சண்டை முடிந்தது 2009 மே. அந்த வருசம் பிறந்த பிள்ளை இன்று ஓ.எல். எழுதுகிற வயது தாண்டுகிறது. ஷெல் கூவி வரும் சத்தத்தை அது கேட்டதில்லை. செட்டிகுளம் மெனிக்பாம் அகதி முகாம் 2012இல் மூடப்பட்டபோது அதற்கு மூன்று வயது. மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையைக் கண்டால் உங்களுக்கு வயிற்றைப் பிசையும். அதே மண்டையோட்டை உங்கள் மகன் ரீசேட்டில் போட்டுக்கொண்டு திரிகிறான், போன் கேமில் பார்க்கிறான். அவனுக்கு அது ஒரு படம். ஓகஸ்ட் லீவுக்கு லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து இறங்குகிற பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓடி விளையாட வெளி கிடைத்ததே என்று காணிக்குக் காணி பாய்வார்கள்.

இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. "எங்கட ஊர் கிளியர் பண்ணியாச்சு" என்கிறோம். கண்ணிவெடி அகற்றுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஹலோ ட்ரஸ்ட் 2002 முதல் இங்கே வேலை செய்கிறது. வெயிலில் முழங்காலில் இருந்து ஒவ்வொரு சாணாக மண் கிண்டுகிற அந்த வேலையில் நம் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் "முடிந்தது" என்றால், குறித்த எல்லைக்குள், குறித்த ஆழம் வரை முடிந்தது என்று அர்த்தம். அது அவர்களுக்கு வெளிச்சமான விசயம். நமக்கோ ஊர் முழுக்க முடிந்தது போலக் கேட்கிறது. கிணறு வெட்டும்போதும் மலசலகூடக் குழி தோண்டும்போதும் பழையது கிளம்புவது இதனால்தான்.

வவுனியா வடக்கில் இருக்கிறவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு சண்டை ஓமந்தை, நைனாமடு, புளியங்குளம் என்று இந்த மண்ணில்தான் மாதக்கணக்காக நடந்தது. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். எல்லாவற்றையும் அகற்றி முடிக்கக் கொடுத்த தவணை 2028 யூன். இன்னும் முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எதைக் கண்டால் நிற்கவேண்டும்?

மண்டையோட்டுப் பலகை, சிவப்பு அடித்த தடி, நாடா. பலகை விழுந்து கிடந்தாலும் நில்லுங்கள். விழுந்தது பலகைதான், வெடி அங்கேயே இருக்கலாம். சுற்றிவர எல்லாரும் விதைத்திருக்க, ஒரு துண்டு மட்டும் பற்றையாகக் கிடந்தால் ஏன் என்று கேளுங்கள். பழைய மண் அணை, பனங்குற்றி அடுக்கிய பள்ளம், முள்ளுக்கம்பிச் சுருள், மாட்டு எலும்பு: இவை கிடக்கிற இடத்தில் கால் வைக்காதீர்கள். மாரி வெள்ளம் மண்ணை அரித்த பிறகு, நேற்று நடந்த ஒழுங்கையும் இன்று புது ஒழுங்கைதான்.

மிதிவெடி என்றால் பெரிய இரும்பு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை! ஆமி புதைத்த பி4 உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக். உக்காது. சின்னப் பிள்ளையின் பாரமே போதும். புலிகளின் ஜொனி மரப்பெட்டி. ஆர்.பி.ஜி., மோட்டார் ஷெல் எல்லாம் துருப்பிடித்துப் பழைய இரும்பு போலக் கிடக்கும். கிலோவுக்கு எவ்வளவு தருவான் என்று தட்டிப் பார்க்காதீர்கள். செம்பு கழற்றப் போய்க் கை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கண்டால் தொடாதீர்கள். எறியாதீர்கள். கல்லால் எறிந்து பார்க்காதீர்கள். இடத்தை மனதில் வைத்துக்கொண்டு தள்ளிப்போய் 119க்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். மிதிவெடி இருக்கிற இடத்துக்குள் போய்விட்டோம் என்று தெரிந்தால் நின்ற இடத்திலேயே நின்று கூப்பிடவேண்டும். ஒருவர் காயப்பட்டுக் கிடந்தாலும் மற்றவர் ஓடிப்போய்த் தூக்கக்கூடாது. தாய் மனம் கேட்காதுதான். ஆனால் பின்னால் ஓடினால் இரண்டு பேர்.

புது மருமகள் வந்தாலோ, வாடகைக்கு ஆள் வந்தாலோ, முதல் நாளே வளவைச் சுற்றிக் கூட்டிப்போய் மூலை மூலையாகச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் "கவனமாப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "மிதிவெடி எப்பிடி இருக்கும், சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். பிள்ளை முழித்தால், நாளைக்குக் காட்டுக்கு விடாதீர்கள். இன்று இரவே இருத்திச் சொல்லிக் கொடுங்கள்.