மூன்றாம் எழுத்தைச் சொல்லுங்கள், போதும்

பேசாலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஞாயிறு பத்திரிகையின் குறுக்கெழுத்தில் முக்கால்வாசியை நானே நிரப்பிவிடுவேன். மிச்சத்தைப் பேத்தி கைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுச் சொல்கிறாள். சிலவேளை அது சொல்லும் விடை கட்டத்துக்குள் அடங்குவதேயில்லை. இப்படி உதவி கேட்பது களவா? இல்லையென்றால் எவ்வளவு கேட்கலாம்?”

களவா என்பதை வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘எவ்வளவு’ என்ற கேள்விக்குத்தான் விஞ்ஞானத்தில் பதில் உண்டு. உதவியை அளக்கலாம், கிலோவில் அல்ல, பிட்டில்.

ஒரு குறிப்பை எடுப்போம்: ‘மன்னார் மாவட்டத்து ஊர், ஐந்து எழுத்து.’ உங்கள் நினைவுக்கு ஆறு ஊர்கள் வருகின்றன என்று வைப்போம்: முருங்கன், நானாட்டான், அடம்பன், பள்ளிமுனை, தாழ்வுபாடு, தோட்டவெளி. ஆறுக்கும் ஐந்தே கட்டம், எண்ணிப் பாருங்கள். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் விடை தெரிந்தவர், ஆனால் ஓர் எழுத்துத்தான் சொல்வேன் என்கிறார். எந்த எழுத்தைக் கேட்பீர்கள்?

கடைசி எழுத்தைக் கேட்டீர்கள் என்று வைப்போம். அவர் ‘ன்’ என்றால் முருங்கன், நானாட்டான், அடம்பன் மூன்றும் அப்படியே நிற்கும். ஆறு மூன்றானது, வாய்ப்புகள் பாதியானால் கிடைத்த உதவி ஒரு பிட். மாறாக, மூன்றாம் எழுத்தைக் கேட்டிருந்தால்? ங், ட், ம், ளி, வு, ட. ஆறும் வேறு வேறு. எதைச் சொன்னாலும் விடை அந்தக் கணமே விழுந்துவிடும். சொன்னவருக்கு இரண்டுக்கும் ஒரே செலவு, ஓர் எழுத்து. பெற்றவருக்கோ ஒன்று பாதி வழி, மற்றது முழு வழி. அதே கடைசிக் கட்டத்தில் ‘டு’ என்று சொல்லியிருந்தால் தாழ்வுபாடு உடனே கிடைத்திருக்கும். எதிர்பார்த்த எழுத்து வந்தால் உதவி குறைவு; எதிர்பாராதது வந்தால் உதவி அதிகம்.

1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் தகவல் கோட்பாடாக எழுதியதன் சாரம் இதுதான். தொலைபேசிக் கம்பிகளுக்காக எழுதிய அந்தக் கட்டுரையில் மனிதர் குறுக்கெழுத்தையும் இழுத்து வருகிறார். எந்த எழுத்தும் எங்கும் வரலாம் என்ற மொழியில் எதை நிரப்பினாலும் குறுக்கெழுத்துத்தான், விளையாட்டே இராது. விதிகள் மிகவும் இறுகிய மொழியிலோ பெரிய குறுக்கெழுத்தை அமைக்கவே முடியாது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய பாதியை எழுதுபவரின் விருப்பம் தீர்மானிக்கிறது, மறுபாதியை மொழியின் அமைப்பே தீர்மானித்துவிடுகிறது. அந்த அளவில் பெரிய கட்டங்கள் மட்டுமட்டாகச் சாத்தியம் என்பது அவர் கணக்கு.

நமக்கோ 26 எழுத்து அல்ல, 247. ‘ஆம்–இல்லை’ கேள்விகளாலேயே ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்க ஆங்கிலத்தில் ஐந்து கேள்வி போதும். தமிழில் எட்டு வேண்டும். ஆகவே நம் கட்டத்தில் ஒரு குறுக்கு எழுத்துக் கிடைத்தால் பொதுவாக ஆங்கிலத்தைவிட அது கனமான உதவி. ஆனால் இலக்கணம் அந்தத் தாராளத்தைப் பாதிவழியில் பறித்துக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் ‘ங்’ என்று தெரிந்தால் அடுத்தது ஏறக்குறைய நிச்சயமாகக் க வரிசைதான். 247 வாய்ப்புகள் 12 ஆகின்றன, யாரையும் கேட்காமலே.

நம் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு வாய்ப்புகள் இப்படி ஒடுங்குவது புரியும். வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் இரண்டு கூட்டம் கரையிலிருந்து இழுக்கும். குறிப்பு ஒரு கயிறு; குறுக்கே வந்து விழும் எழுத்து மறு கயிறு. ஒன்றை மட்டும் இழுத்தால் வலை நீளமாகக் கரைக்கு வரும், மீன் வராது. இரண்டும் சேர்ந்து ஒடுங்கினால்தான் சொல் மடிக்குள் வரும். மடியில் ஒன்றுக்குப் பதில் மூன்று துள்ளினால் இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும் என்று பொருள். கட்டத்தை அமைத்தவர்தான் சம்மாட்டி. வலை அவருடையது, கை நம்முடையது. முழு விடையையும் கேட்டு எழுதுபவர் சந்தையில் சூடை மீன் வாங்கிக் கொண்டுவந்து, கயிறு பிடித்துக் கை காய்த்துப்போனது என்கிறார். பேத்தி சுண்டல் விற்பவள் என்று இன்னும் நீட்டலாம்; வலை பொறுக்காது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: கட்டத்தின் மேல் வலது மூலை. இடமிருந்து வலமாக ஓடும் சொல் அங்கே முடிகிறது. மேலிருந்து கீழாக இறங்கும் சொல் அதே கட்டத்தில் தொடங்குகிறது. மேல்வரிசையில் ‘மன்னார்’ என்று போட்டால் மூலையில் ‘ர்’ வந்து நிற்கும். மெய்யெழுத்தில் தொடங்கும் தமிழ்ச்சொல் எது? இல்லை. சரி, உயிரில் முடியும் ஊர் ஒன்றைப் போடுவோம் என்று ‘பேசாலை’யைக் கொண்டுவந்தால் மூலையில் ‘லை’. அதிலும் எதுவும் தொடங்காது. ‘மடு’ போட்டால் ‘டு’, அதுவும் ஆகாது. ‘அரிப்பு’ வந்தால்தான் ‘பு’ என்று ஒரு வழி திறக்கும். தமிழ்ச் சொற்கள் முடிய விரும்பும் எழுத்துகளும் தொடங்க விரும்பும் எழுத்துகளும் இவ்வளவு தூரம் ஒன்றுக்கொன்று முகம் திருப்பி நிற்கின்றன. கீழ் இடது மூலையிலும் இதே சண்டை. கீழ் வலது மூலையில் மட்டும் இரண்டு சொற்களும் முடிகின்றன. அங்கே ம், ன் எல்லாம் சுகமாக அமரும்.

கட்டம் அமைப்பவர் என்ன செய்வார்? இறங்க வேண்டிய சொல்லைப் புரட்டிப் போடுவார். ‘கீழிருந்து மேல்: பெருக்கமரத்துக்கு அடியில் இருப்பது, இரண்டு எழுத்து’ என்றால் வேர்; ‘வே’ கீழே, ‘ர்’ மேலே, மன்னாருடன் பொருந்திவிட்டது. ஆங்கிலக் குறுக்கெழுத்துக்கு இரண்டு திசை போதும். நம்முடையதில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என நான்கு திசை, அதுவும் போதாமல் ‘குழம்பியுள்ளது’ என்ற சலுகை. இதைக் குறும்பு என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது சொல்லின் முதலெழுத்துக்கு நன்னூல் போட்ட கட்டிலிருந்து தப்பும் வழி. அதனால் அந்தத் திசைக்குறிப்பே உங்களுக்கு இலவச உதவி: சொல் புரண்டு வருகிறதென்றால், அது முடியும் கட்டம் தொடங்க லாயக்கற்ற எழுத்தாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் முதல் கட்டத்தைப் போட்டார். 1930களில் ஆனந்த விகடன் பரிசுப் பணத்தோடு தமிழில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. பணம் சேர்ந்தால் சூது சேரும். 1955இல் இந்தியா சட்டம் போட்டு இத்தகைய போட்டிகளின் பரிசை மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் அடக்கியது. போதும்.

மூளைக்கு நல்லதா என்றும் யாராவது கேட்பார்கள். 2022இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், லேசான நினைவுக் குறைபாடு உள்ள 107 பேரைக் கணினியில் 78 வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். குறுக்கெழுத்து நிரப்பியவர்கள் மூளைப்பயிற்சி விளையாட்டு ஆடியவர்களைவிடச் சற்று நன்றாக இருந்தார்கள். இரண்டும் செய்யாமல் சும்மா இருந்த குழு அந்த ஆய்வில் இல்லை. ‘குறுக்கெழுத்து மறதியைத் தடுக்கும்’ என்று வட்ஸ்அப்பில் வருவதற்கு இது ஆதாரமாகாது.

பேத்தியின் கைபேசிக்கு வருவோம். 2021இல் ‘டாக்டர் ஃபில்’ என்ற மென்பொருள் அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியில் மனிதர் எல்லோரையும்விட அதிகப் புள்ளி பெற்றது. ஆரவாரத்தில் மறைந்துபோன விடயம்: அது பிழைகளும் விட்டது, வேகத்துக்குக் கிடைத்த புள்ளிகள்தான் தூக்கிவிட்டன. அதுவும் ஆங்கிலத்தில். ‘மன்னார்’ நமக்கு நான்கு கட்டம். யூனிகோடில் புள்ளியும் காலும் தனித்தனி என்பதால் அது ஏழு குறியீடு. வழக்கமான முறையில் சேமித்தால் 21 பைட். பேத்தியின் கைபேசியில் பதில் சொல்லும் மொழி மாதிரிகள் இதைத் தம் வசதிக்கு வேறு துண்டுகளாக நறுக்கி வாசிக்கின்றன. ‘ஐந்து எழுத்து’ என்று நீங்கள் கேட்பதன் ஐந்தை அவை உங்கள் விரலால் எண்ணுவதில்லை. விடை கட்டத்துக்குள் அடங்காமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகவே செயற்கை நுண்ணறிவிடம் விடையைக் கேட்காதீர்கள். பொருந்தக்கூடிய சொற்களின் பட்டியலைக் கேளுங்கள், கட்டத்தை நீங்களே எண்ணுங்கள்.

பட்டியல் கையில் இருந்தால் மனிதரிடம் ஓர் எழுத்துக் கேட்கலாம். ஆனால் தலைப்பை நம்பி எப்போதும் மூன்றாவதைக் கேட்டுவிட வேண்டாம். ‘மன்னார்ப் பகுதி, ஒன்பது எழுத்து’ என்ற குறிப்புக்கு எருக்கலம்பிட்டியும் பொருந்தும், திருக்கேதீச்சரமும் பொருந்தும். இரண்டாம் எழுத்து இரண்டிலும் ‘ரு’. மூன்றாம் எழுத்து இரண்டிலும் ‘க்’. அங்கே அந்த உதவி பூச்சியம் பிட். உங்கள் பட்டியலில் உள்ள சொற்கள் எந்தக் கட்டத்தில் ஒன்றோடொன்று அதிகம் முரண்படுகின்றனவோ, அந்தக் கட்டத்தைக் கேளுங்கள். அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு யோசித்தவர் களவெடுத்தார் என்று பேத்தியாலும் சொல்ல முடியாது.