மறதியும் மௌனமும்: தோட்டப்புற வாய்மொழி வரலாற்றில் நினைவுமீட்டல்

தோட்டப்புற வாய்மொழி வரலாற்றைத் திரட்டச் செல்வோர் அடிக்கடி கேட்கும் விடை, ‘அதெல்லாம் மறந்து போச்சு’ என்பதாகும். லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் சப்பானியர் ஆட்சிக்காலத்தைப் பற்றி வினவச் செல்லும் மாணவரும் இவ்விடைக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். 1942, 43ஆம் ஆண்டுகளில், ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண இரயில்பாதையை அமைப்பதற்கு நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். பெருந்தொகையினர் திரும்பவில்லை, திரும்பியோரிற் பலர் தம் பிள்ளைகளிடமும் அதைப் பேசவில்லை. இம்மறதி நினைவின் அழிவா, அடைப்பா?

உளவியலார் இதை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்துள்ளனர். கற்ற சொற்பட்டியலை ‘மறந்துவிடுங்கள்’ எனப் பணித்தால், பின்னர் அச்சொற்களைத் தாமாக எடுத்துரைப்பது குறைகிறது. ஆனால், 1983இல் கைசல்மன், பியார்க், ஃபிஷ்மன் ஆகியோர் அச்சொற்களைப் பிற சொற்களோடு கலந்து காட்டியபோது, அவற்றை இனங்காண்பதில் குறைவு தோன்றவில்லை. நெல் குதிரிலேயே இருக்கிறது; வாய்தான் அடைபட்டுள்ளது. அறிதுயில் எனப்படும் மனோவசியத்தால் விளையும் மறதியும் இத்தகையதே. 2008இல் மெண்டல்சன் குழுவினர் ஒரு படத்தைக் காட்டி, ஒரு வாரத்திற்குப்பின் அறிதுயிலில் அதை மறக்கப் பணித்தனர். எளிதில் வசப்படுவோர் படத்தின் செய்திகளை மறந்தனர். படம் பார்த்த சூழலை மறக்கவில்லை. பணிப்பை நீக்கும் குறிப்புக் கிடைத்ததும் செய்திகளும் மீண்டன.

சொற்பட்டியலும் உடன்பிறந்தானைக் காட்டில் புதைத்த நினைவும் ஒன்றல்ல. பின்னது அழையாமலே வந்து வருத்துவதும் உண்டு. ஆதலின் இவ்வொப்புமையை அளவோடு கொள்ளல் தகும்.

அவ்வாறாயின் அறிதுயிலாலேயே அடைப்பைத் திறக்கலாமே எனச் சிலர் கருதலாம். அது தவறு. டைவன், பவர்ஸ் ஆகியோரின் 1983ஆம் ஆண்டு ஆய்வில், அறிதுயிலில் இருந்தோர் கூடுதலாகச் சொன்னவற்றுட் பெரும்பாலானவை பிழையாயிருந்தன. சொன்னவரோ அவற்றை உறுதியாக நம்பினர். ‘உங்கள் அப்பா காலராவில்தானே இறந்தார்?’ என்னும் வினாவும் ஏறத்தாழ இதே தீங்கைச் செய்யும். அறிதுயில் இல்லாமலே செய்யும் என்பதுதான் வேறுபாடு.

இனங்காணும் ஆற்றல் எஞ்சியிருப்பதால், வினாவினும் பொருளே பயன்தரும். வாழைமர நோட்டு, பெரட்டுக்களத்தின் பழைய நிழற்படம், மரவள்ளிக்கிழங்குச் சமையல் பற்றிய பேச்சு என்பன போதும். பேச விரும்பாதவரை விட்டுவிடல் வேண்டும். அங்குச் சென்று மீண்டோர் இன்று மிக அருகிவிட்டனர். நாம் பெரும்பாலும் சந்திப்பது பிள்ளைகளையே. அவர்களிடம், செய்தியை யாரிடம், எந்த வயதில் கேட்டனர் என்பதையும், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்துள்ளனரா என்பதையும் முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.