எல்டன் ரிங்: முதல் எதிரியிடமே தோற்பது ஏன்?

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2022 பிப்ரவரி 25-ஆம் தேதி வெளியான 'எல்டன் ரிங்' விளையாட்டைப் புதிதாகத் தொடங்குவோர் பலரும் கேட்கும் கேள்வி இது: லிம்கிரேவ் நிலப்பரப்பில் காலடி வைத்ததும் எதிர்ப்படும் பொற்கவசக் குதிரைவீரனை வெல்வது எப்படி?

அப்போதே வெல்ல வேண்டியதில்லை என்பதே விடை. 'ட்ரீ சென்டினல்' எனப்படும் அவன், தொடக்கநிலை வீரரின் வலிமைக்கு மிஞ்சியவன். அவனை ஒதுங்கிக் கடந்து செல்ல இடம் தாராளமாக உள்ளது. இவ்விளையாட்டில் கடினத்தைக் குறைக்கும் தெரிவு கிடையாது; வேறு திசையில் சென்று வலிமை பெற்றுத் திரும்புவதே அதற்கு ஈடு. 'கிரேஸ்' எனப்படும் இளைப்பாறும் இடங்களில் எழும் பொன்னொளிக் கீற்று, அடுத்த இலக்கின் திசையைக் காட்டும். அதைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. எனினும், கேட்ஃப்ரன்ட் இடிபாடுகள் வரையிலாவது செல்வது நல்லது. அங்கு இளைப்பாறினால் மெலினா என்ற பெண் தோன்றி, 'டாரன்ட்' என்னும் ஆவிக்குதிரையை அழைக்கும் ஊதலைத் தருவார். நிலையை உயர்த்தும் வசதியும் அவர் வழியாகவே கிடைக்கிறது.

மடிந்தால் சேர்த்த ரூன்கள் போய்விடுமா என்பது அடுத்த கவலை. அவை மடிந்த இடத்திலேயே கிடக்கும். மீட்பதற்குள் மீண்டும் மடிந்தால் நிரந்தரமாக மறையும். பெரிய எதிரியை நெருங்குமுன் அவற்றைச் செலவிட்டுவிடுவது பாதுகாப்பானது.

எதை முதலில் உயர்த்துவது? தாக்கும் வலிமையைத் தேடுவோர் பலர், உயிர்வலிமையைக் கூட்டும் 'விகர்' பண்பை மறந்துவிடுகின்றனர். 40 புள்ளிகள் வரை அதன் பலன் கணிசமானது. 60-க்குப் பின் மிகச் சொற்பம். கனத்த கவசம் அணிந்தும் ஓயாமல் அடிபடுவோர் தங்கள் சுமையைப் பார்க்க வேண்டும்: அது 70 சதவீதத்தை எட்டினால், உருண்டு விலகும் வேகம் குறைந்துவிடும்.