காலாவதியான கருத்தடை மாத்திரை: ஆபத்து எதில் உள்ளது?

கருத்தடை மாத்திரை அட்டையில் அச்சிடப்பட்ட காலக்கெடு முடிந்துவிட்டதை, சில மாத்திரைகளை உட்கொண்ட பிறகே கவனிக்கும் பெண்கள் உண்டு. அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவை உடலுக்குத் தீங்கு விளைவிக்குமா? கருத்தரிப்பைத் தடுத்திருக்குமா?

முதல் கேள்விக்கான விடை ஆறுதல் தரக்கூடியது. காலாவதியான கருத்தடை மாத்திரைகள் நஞ்சாக மாறுவதாக அறியப்படவில்லை. கருவுற்றது தெரியாமல் தொடக்க வாரங்களில் இம்மாத்திரைகளை உட்கொண்டிருந்தாலும், சிசுவுக்குப் பாதிப்பு ஏற்படுவதாகச் சான்றுகள் இல்லை.

சிக்கல் இரண்டாவது கேள்வியில்தான் உள்ளது. உரிய முறையில் பாதுகாக்கப்பட்ட மருந்தின் வீரியத்துக்குத் தயாரிப்பாளர் அளிக்கும் உத்தரவாதத்தின் எல்லையே காலாவதி தேதி. மாதமும் ஆண்டும் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், பொதுவாக அந்த மாதத்தின் கடைசி நாள் வரை அது செல்லும்.

அமெரிக்க இராணுவத்தின் மருந்துக் கையிருப்புகளைச் சோதிக்கும் திட்டம் ஒன்று 1986ஆம் ஆண்டு தொடங்கியது. 122 வகை மருந்துகளின் சுமார் 3,000 தொகுதிகள் பற்றிய அதன் முடிவுகள் 2006இல் வெளியாயின. அவற்றில் 88 விழுக்காடு, காலக்கெடுவுக்குப் பின்னும் குறைந்தது ஓராண்டு பயன்படுத்தத் தக்கவையாக இருந்தன.

ஆனால் அவை பிரிக்கப்படாத உறைகளில், உரிய சூழலில் வைக்கப்பட்டவை. கைப்பையிலோ, ஈரம் மிகுந்த குளியலறையிலோ கிடந்த அட்டைக்கு இம்முடிவு பொருந்தாது.

கருத்தடை மாத்திரைகளில் மருந்தின் அளவும் மிகக் குறைவு. இந்தியாவில் அரசு இலவசமாக வழங்கும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம் மட்டுமே. வீரியம் குறைந்ததை நிறத்தையோ வடிவத்தையோ பார்த்துக் கண்டறிய இயலாது. இரத்த அழுத்த மருந்து பயனளிக்காவிட்டால் கருவி காட்டிவிடும். கருத்தடை மாத்திரை பயனளிக்கவில்லை என்பதைப் பெரும்பாலும் கர்ப்பமே தெரிவிக்கும்.

எனவே காலாவதியான அட்டையைக் கைவிட்டுப் புதியதைத் தொடங்குவதே பாதுகாப்பானது. இரு ஹார்மோன்கள் கொண்ட மாத்திரையாயின் முதல் 7 நாட்களுக்கும், புரோஜெஸ்டோஜன் மட்டும் கொண்டதாயின் பொதுவாக 2 நாட்களுக்கும் ஆணுறையையும் பயன்படுத்த வேண்டும்.

ஏற்கனவே உறவு நிகழ்ந்திருந்தால், 5 நாட்களுக்குள் அவசரகாலக் கருத்தடை குறித்து மருத்துவரையோ மருந்தாளுநரையோ அணுகலாம். எவ்வளவு விரைவாக அணுகுகிறார்களோ அவ்வளவு பலன் கிடைக்கும். மாதவிலக்கு தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை அவசியம்.