பணியை அறிதல்

ஹட் பே துறைமுகத்திற்குக் கப்பல் வந்து சேரும் நாளில் பலருடைய உழைப்பு ஒன்று கூடுகிறது. வடம் கட்டுவோர், மூட்டைகளை இறக்குவோர், பயணச்சீட்டைச் சரிபார்ப்போர், தளத்தைப் பெருக்குவோர் எனப் பலரும் அங்கே பணிபுரிகின்றனர். கப்பல் தாமதமானால் அவர்களை நோக்கிக் கேள்விகள் எழுகின்றன. உரிய நேரத்தில் வந்துவிட்டாலோ ஒருவரும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிழையின்றி நடக்கும் வேலை எவர் கண்ணிலும் படுவதில்லை. துறைமுகத்தில் மட்டுமன்று, பெரும்பாலான பணியிடங்களில் உள்ள குறை இது.

ஆயினும் இதே லிட்டில் அந்தமான் தீவில் செய்யப்பட்ட பணி ஒன்று நாடு முழுவதும் அறியப்பட்டது. தீவின் வடகிழக்குக் கரையில் உள்ளது டுகாங் கிரீக். தொல்குடியினரான ஓங்கே மக்கள் வாழும் இடம் அது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே. அங்குள்ள சுகாதார நிலையத்தில் செவிலியராகப் பணியாற்றியவர் சாந்தி தெரசா லக்ரா. அவர் நடு அந்தமானின் ரங்கத் பகுதியில் பிறந்தவர். ஓங்கே மக்களின் மொழி வேறு, பழக்கவழக்கம் வேறு. அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்ற பின்னரே அவர்களுக்கு மருத்துவம் செய்ய இயலும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. ஓங்கே மக்கள் மேட்டுநிலக் காட்டுக்குச் சென்று உயிர் பிழைத்தனர். லக்ரா அவர்களைவிட்டு நீங்கவில்லை; தற்காலிகக் கூடாரத்தில் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். அவருக்கு 2010ஆம் ஆண்டில் தேசிய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதும், 2011ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன.

இன்று பத்ம விருதுகளுக்குக் குடிமக்கள் எவரும் தமக்குத் தெரிந்த ஒருவரைப் பரிந்துரைக்கலாம். அவர் செய்த பணியை 800 சொற்களுக்குள் விவரித்து எழுத வேண்டும். 'நல்லவர், கடின உழைப்பாளி' என்று எழுதினால் அந்த இடம் நிரம்பாது. எந்த நாளில், எந்த இடரில், எவருக்காக, என்ன செய்தார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். திருக்குறளில் உள்ள ஓர் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்' என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். நன்றி கூறுதல் என்று அதற்குப் பெயர் அமையவில்லை. அறிவதே முதலில் நிற்கிறது.

அலுவலகங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு மாறானது. ஆண்டுக்கு ஒருமுறை விழா எடுத்து, ஒருவருக்குச் சான்றிதழ் அளித்து, கைதட்டிக் கலைகின்றனர். எதற்காக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது மற்றவர்களுக்கு விளங்குவதில்லை. சில இடங்களில் கீழ்நிலை ஊழியரின் உழைப்புக்கு மேலதிகாரி பெயர் பெறுகிறார். இவ்வாறு நடக்கும் இடத்தில் ஊழியர்கள் மனம் சோர்ந்து, சொன்ன வேலையை மட்டும் செய்து ஒதுங்குகின்றனர். 'நேற்று மழையில் அரிசி மூட்டைகள் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடினீர்கள். நான் பார்த்தேன்' என்று ஒரு மேற்பார்வையாளர் சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் அவர் அந்த மழையில் அங்கே நின்றிருக்க வேண்டும்.

பாராட்டு ஊதியத்திற்கு ஈடாகாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்கு 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் விருது அளித்தது. ஊர்தோறும் வீடு வீடாகச் சென்று உழைக்கும் பெண்கள் அவர்கள். எனினும் அவர்கள் தன்னார்வலர்களாகவே கருதப்படுகின்றனர். செய்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகை பெறுகின்றனர். நிலையான ஊதியமும் அரசு ஊழியர் என்ற தகுதியும் வேண்டும் என்று பல மாநிலங்களில் அவர்கள் போராடி வந்துள்ளனர். பெருமை தந்தவர்கள் உரிமையைத் தரத் தயங்குவது பொருந்தாத செயல்.

நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு ஓய்வு பெறும் நாளிலேனும் மாலையும் பொன்னாடையும் கிடைக்கின்றன. முப்பது ஆண்டுகளாக அவர் செய்தவை மேடையில் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. உடன் பணிபுரிந்தவர்களே அவற்றில் பலவற்றை அன்றுதான் முதன்முறையாகக் கேட்கின்றனர். அவருக்கு அருகில் நின்று அதே வேலையைச் செய்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த விழாவும் இல்லை. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவருடைய பெயர் இருப்பதில்லை.